ரொட்டி வண்டியின் புல்லட்டுகள்

கார் வாங்கி ஏழு மாதம் ஆகியும் அதில் உட்கார்ந்து ஏழு தெரு தாண்டியதில்லை நான். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவளுக்கு, தன்னைவிடப் பத்து வயது மூத்த கார் எதற்கு என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான். முன்னால் இருந்த இரண்டு வட்ட விளக்குகளும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தன, வாங்கிவிட்டேன். இதையெல்லாம் அவளிடம் பதிலாகச் சொல்ல முடியுமா?

பாதி நாள் அது கரண்டின் கொட்டகையில்தான் கிடந்தது. கரண்ட் என்பது பட்டப்பெயர். கார்களுக்கு ஒயரிங் செய்கிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று வாயில் வராது. முன்னால் வீடு, பின்னால் கொட்டகை, நடுவில் சமையலறை. மேலே தகரம். மழை பெய்தால் பேசுவது கேட்காது. வெயில் அடித்தால் யாருக்கும் பேசவே தோன்றாது.

என் காரின் பழைய ஒயர்களை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு கட்டு செய்திருந்தார் கரண்ட். பழையதைத் தரையில் நீளமாக விரித்து, நிறத்துக்கு நிறம் பார்த்து, கிளைக்குக் கிளை அளந்து, மேலே துணி நாடா சுற்றி, மூன்று வார வேலை. அதில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் முனையில். அந்தக் காலத்துக் கார்களில் ஒவ்வொரு ஒயரின் முனையிலும் பித்தளையில் சின்னதாக ஒரு குண்டு இருக்கும். புல்லட் என்பார்கள். ரப்பர் போர்த்திய ஒரு குழலுக்குள் இரண்டு பக்கமும் இரண்டு புல்லட்டை அழுத்தினால் டக்கென்று உட்காரும், இணைப்பு ஆகிவிடும். என் காரில் அப்படி இருபத்திரண்டு புல்லட் வேண்டும். பழையவை பச்சைக் களிம்பு பிடித்து உதிர்ந்துவிட்டன. தேறியது ஒன்றே ஒன்று. இப்போது கடையில் விற்கிற புல்லட் பார்க்க அச்சு அசல் அதே மாதிரிதான். ஆனால் முக்கால் மில்லிமீட்டர் ஒல்லி. குழலுக்குள் போகும், உட்காராது. வேலைக்குச் சேர்ந்தும் மனசு ஒட்டாதவன் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும்.

இதற்குக் கரண்ட் ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார். ஒல்லி புல்லட்டின் மேல் ஈயத்தை உருக்கிப் பூசி, தடிமனாக்கி, அரத்தால் தேய்த்து வட்டம் கொண்டுவருவார். பத்து வருடமாக இதுதான் அவர் பெருமை.

"கடையில இல்லன்னா என்ன மேடம், கை எதுக்கு இருக்கு? ஈயத்துல ஒரு சட்டை போட்டுவிட்டா போதும். ஒரிஜினல் தோத்துடும்" என்பார்.

ஒரிஜினல் தோற்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு போன பதினைந்தாம் நாள், நல்ல வெயிலில், நாற்சந்தியில் நிற்கும்போது டேஷ்போர்டு விளக்கெல்லாம் அணைந்து, என்ஜினும் நின்று, ரப்பர் கருகுகிற வாசனை வந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தே என்னை ஒருவழி ஆக்கிவிட்டார்கள். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மறுபடியும் கொட்டகை.

கரண்டின் மனைவி தார்ப்பாய்ப் பை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். பைகளில் கயிறு கோக்க வளையம் அடிக்கும் பிரிவு. மத்தியானம் மூன்றரைக்கு வந்துவிடுவாள். முகம் கழுவி, டீ போட்டு, முட்டை அவித்து, ரொட்டித் துண்டுகளோடு தட்டில் கொண்டுவந்து பழைய பேட்டரிப் பெட்டிமேல் வைப்பாள். காகிதம் சுற்றி வெளியூரிலிருந்து வரும் ரொட்டி, சப்பென்று இருக்கும். நாலு தெரு தள்ளி ஒரு நல்ல ரொட்டிக்கடை இருக்கிறது. விஷயம் தெரியாமல் ஒருநாள் அங்கே ஒரு ரொட்டி வாங்கிப்போய் அந்தத் தட்டில் வைத்துவிட்டேன். கரண்ட் அதைப் பார்த்தார். எழுந்து போய்க் காருக்கு அடியில் படுத்துக்கொண்டார். அவள் ஒரு துண்டு எடுத்து மென்றாள். மென்றுகொண்டே அழுதாள்.

"எங்க அண்ணன் சுட்டது அக்கா" என்றாள். "வாசனையிலயே தெரிஞ்சிடுச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு."

"நாலு தெருவுக்கு ரெண்டு வருஷமா?"

"அவர் வண்டி எரிஞ்சதுல ஆரம்பிச்சது. ரொட்டி வண்டி. உங்க காரும் அதுவும் ஒரே கம்பெனி, ஒரே காலம். அதுக்கு ஒயரிங் பண்ணது இவர்தான். பண்ணி நாலு மாசத்துல ஓடிட்டிருக்கறப்பவே புகைஞ்சுது. பக்கத்துல அண்ணன் பொண்ணு உட்கார்ந்திருந்தா. டேஷ்போர்டு மூடிய இழுத்துத் திறந்திருக்கா. உள்ளங்கை வெந்துபோச்சு."

காருக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"அண்ணன் வந்து 'உன் கை பண்ண வேலை'ன்னாரு. இவர் 'என்னைக் கேக்காம பின்னாடி ரெண்டு விளக்கு கூடுதலா மாட்டினது யாரு, பொண்ணு கைய எரிச்சது நீங்கதான்'னுட்டாரு. அவ்வளவுதான். அம்மா அப்பா இல்லாத என்னை வளர்த்தவர் அக்கா அவர். அந்த வண்டியிலதான் ரொட்டித் தட்டுக்கு நடுவுல உட்கார வெச்சுப் பள்ளிக்கூடத்துல விடுவாரு. இப்ப அந்தப் பொண்ணுக்குக் குழந்தை பிறந்து நாலு மாசம் ஆவுது. ஆணா பொண்ணான்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

எனக்குக் கரண்ட்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, என் கார் அவர் கையில் இருக்கிறதே. இனி ஈயச் சட்டை வேண்டாம், ஒரிஜினல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். நானும் கரண்டும் சரியான புல்லட்டைத் தேடிப் புறப்பட்டோம்.

ஒரு வாரம் அலைந்தோம். முதல் கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி, "எல்லாம் ஒண்ணுதாங்க, இதுல என்ன சாதா ஸ்பெஷல்" என்றார். மருந்துக்கடையில் இப்படிச் சொன்னால் ஆளை உள்ளே தள்ளிவிடுவார்கள். இரண்டாவது கடையில் அளவுகோலால் அளந்து காட்டியபோது, "உங்க கோல் தப்பா இருக்கும்" என்றார்கள். டிராக்டர் பாகம் விற்கிறவர் உண்மையாகவே தேடினார். அவரிடம் இருந்தது அரை மில்லி கூடுதல் பருமன். "இதை வெச்சு அந்தக் குழலைக் கிழிச்சுடாதீங்க" என்று நல்லபடியாகச் சொல்லி அனுப்பினார். பழைய இரும்புக்கடையில் மழையில் நனைந்த ஒயர்க் குவியலைக் குச்சியால் கிளறினோம். கிடைத்தது இரண்டு புல்லட்டும் கரண்டுக்குச் சளியும்.

சளியோடு அவர் உள்ளே படுத்திருந்த மத்தியானம், அவர் மனைவி என் காரிலிருந்து கழற்றிய புல்லட்டுகளைத் தட்டில் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அவள் கம்பெனித் தகடு. வளைய அளவு பார்ப்பதற்காக வரிசையாக ஓட்டை போட்ட இரும்புத் தகடு அது. ஈயம் பூசிய புல்லட்டைக் கரண்ட் அரத்தால் தேய்க்கும்போது அந்தத் தகட்டில்தான் அளவு பார்ப்பார். நாலாவது ஓட்டையில் இறுக்கமாக நுழைந்தால் சரி.

"அக்கா, இதப் பாருங்க" என்றாள். தேறிய அந்த ஒரு பழைய புல்லட்டை நாலாவது ஓட்டையில் வைத்தாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஈயச் சட்டை போட்ட ஒன்றை வைத்தாள். நழுவி மடியில் விழுந்தது. இன்னொன்று, அதுவும் விழுந்தது. இன்னொன்று.

"போன மாசம் இதெல்லாம் இதே ஓட்டையில இறுக்கமா நின்னுச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. குழல் அழுத்த அழுத்த, சூடும் சேரச் சேர, ஈயம் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுத்திருக்கிறது. இடைவெளி விழுந்ததும் இன்னும் சூடு. பிறகு ரப்பர் கருகாமல் என்ன செய்யும்?

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ரொட்டி வண்டியிலும் அவர் இதே வேலையைத்தான் செய்திருந்தார்.

"அவர்கிட்ட சொல்லிடு" என்றேன்.

"சொன்னா கத்துவாரு. இல்லன்னா எனக்காகத் தலையை ஆட்டுவாரு. ரெண்டும் வேணாம் அக்கா. எங்க அண்ணன் முன்னாடி அவர் வாயாலயே வரணும். இல்லன்னா நான் அந்த வீட்டுப் படி ஏறி என்ன பிரயோஜனம்?"

அன்று சாயங்காலம் அவருக்கு மிளகு போட்ட சூப்பைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "ஏங்க, சரியான புல்லட்டு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் சூப்பை ஊதினார்.

"வண்டி இன்னும் அண்ணன் வீட்டுக் கொல்லையிலதான் நிக்குது. முன்பக்கம்தானே எரிஞ்சுது. பின்பக்கம் நீங்க கை வைக்கவே இல்ல. எல்லாம் கம்பெனி போட்டது."

"அந்த ஆள் வாசல்ல நான் கால் வைக்கணுமா?"

"நீங்க வைக்க வேணாம். நான் வைக்கிறேன். நாளைக்கு நாலு மணிக்குப் போறேன். புல்லட்டுக்காக இல்ல, அந்தக் குழந்தைய பாக்க. வர்றதுன்னா வாங்க."

"நீ போனா என் மானம் என்னாவுறது?"

"உங்க மானத்துக்கு ரெண்டு வருஷம் சோறு போட்டாச்சு. போதும்."

இதற்குமேல் அங்கே நிற்பது மரியாதையில்லை என்று நான் கிளம்பிவிட்டேன். ஆனால் மறுநாள் நாலு மணிக்கு முன்னாலேயே போய் நின்றேன். கரண்ட் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, கருவிப் பையோடு தயாராக இருந்தார். நாலு தெருவும் நாலு ஊர் மாதிரி நீண்டது.

ரொட்டிக்கடைக்காரர் அடுப்பறையிலிருந்து வந்தார். முழங்கைவரை மாவு. தங்கையைப் பார்த்ததும் அவர் முகம் கோணிவிட்டது. "பாப்பா" என்றார். நாற்பது வயதுக்காரியை. உடனே என் பக்கம் திரும்பி, "மருந்துக்கடை அம்மா, வாங்க" என்றார். பிறகுதான் கரண்ட் இருப்பதைப் பார்த்தவர்போல, "என்ன மாப்ள, மிச்சத்தையும் எரிக்க வந்தியா?" என்றார்.

"புல்லட்டு வேணும் மச்சான். பின்பக்கத்துல இருக்கும்."

"எடுத்துக்கோ. அது இனிமே எங்க ஓடப்போவுது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தங்கையை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கொல்லைவாசல் கதவோரம் அவர் மகள் குழந்தையோடு வந்து நின்றாள். அத்தையைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் அப்பா இருந்த பக்கத்தையும் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் நாலு தப்படிதான். தாண்ட வழியில்லாமல் நின்றார்கள்.

வண்டி மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றது. முகம் கருகி, கண்ணாடி இல்லாமல். பின்பாதி மட்டும் நேற்று நிறுத்திய மாதிரி. கரண்ட் பின்விளக்கின் இணைப்பில் ஆரம்பித்தார். இடுக்கியால் பிடித்து இழுத்தும் வரவில்லை. ஒரு சுண்டு சுண்டியபிறகுதான் டப்பென்று வந்தது. புல்லட் புத்தம்புதிது மாதிரி மினுங்கியது. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்று, இரண்டு, ஐந்து, பன்னிரண்டு என்று என் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டே வந்தேன். அப்படியே ஒயர்க்கட்டைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமாக நகர்ந்தவர், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை விட்டார். அங்கிருந்து அவருடைய வேலை.

இடுக்கி தேவைப்படவில்லை. இரண்டு விரலால் தொட்டதும் புல்லட் கையோடு வந்தது. தட்டையாகி, ஒரு பக்கம் கறுத்திருந்தது. அடுத்ததைத் தொட்டார், அதுவும் வந்தது. பிறகு கூடுதலாக மாட்டிய விளக்குகளின் ஒயரைத் தேடிப் பிடித்து, நுனியிலிருந்து நுனிவரை விரலால் உருவிப் பார்த்தார். அதில் ஒரு கொப்புளம் இல்லை. அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்திருந்தால் அந்த ஒயர் முழுக்க வெந்திருக்க வேண்டும். குனிந்து டேஷ்போர்டுக்குக் கீழே தரையைத் தடவினார். உருகி உறைந்த ஈயம், மிளகு மிளகாக. உள்ளங்கையில் அள்ளிக்கொண்டார்.

அந்தக் கொல்லையில் ஒயரிங் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பையை மூடிக்கொண்டு எழுந்து வந்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்கப் போவதில்லை. அவர் மனைவி கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான்" என்று கூப்பிட்டார். அடுப்பறையின் தட்டுச் சத்தத்தில் அது கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். "மச்சான், ஒரு நிமிஷம் வாங்க."

ரொட்டிக்கடைக்காரர் வந்தார்.

"உங்க விளக்கு இல்ல மச்சான். என் ஈயம். நான் பூசின ஈயம் இளகி, இணைப்பு லூஸாகித்தான் எரிஞ்சிருக்கு. பொண்ணு கைய எரிச்சது நீங்க இல்ல. நான்தான்."

ரொட்டிக்கடைக்காரர் கரண்டின் உள்ளங்கையிலிருந்த ஈய மிளகுகளைப் பார்த்தார். பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த ரொட்டித் தட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என் விளக்கு இல்லையா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"ஒயரு அப்படியே இருக்கு மச்சான். வந்து தொட்டுப் பாருங்க."

"நான் உன்மேல கோவமா இருக்கேன்னுதானே எல்லாரும் நெனச்சீங்க" என்றார், மாவுக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "முதல் நாள் மட்டும்தான் கோவம். அப்புறம் நீ சொன்னதுதான் சரின்னு பட்டுச்சு. உன்னைக் கேக்காம விளக்கு மாட்டினவன் நான்தானே. என் புள்ள கைய நானே எரிச்சுட்டேன்னு... அவ தட்டு எடுக்கிறப்பல்லாம் அந்தக் கையப் பாத்துட்டு... பாப்பா மூஞ்சில எப்படி முழிக்கிறது? அதான் வரல."

அவர் தங்கை ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் அழுததை நான் எழுதிக் காட்ட முடியாது. நானும் அழுதேன், சம்பந்தமே இல்லாமல்.

கொஞ்சம் தெளிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. வர வேண்டிய கோபம்தான். எழுந்து நின்று கத்தினார். "ரெண்டு வருஷம்! இதை அன்னைக்கே வந்து பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"அன்னைக்குத் தெரியாது மச்சான்." கரண்ட் தலைகுனிந்தார். "தெரிஞ்சுக்கவும் பயமா இருந்துச்சு. அதான் நான் இந்தப் பக்கமே வரல."

"அப்பா, உள்ள கருகுது" என்றாள் மகள்.

ஐயையோ என்று அவர் அடுப்பறைக்கு ஓடினார். நாலு தட்டு ரொட்டி அடிப்பக்கம் கறுத்துவிட்டது. அவர் அந்தப் பக்கம் போனதும் மகள் நாலு தப்படியைத் தாண்டி வந்து குழந்தையை அத்தையிடம் கொடுத்தாள். பெண் குழந்தை. வந்த வேகத்தில் அத்தையின் மூக்கைப் பிடித்துக்கொண்டது. அவள் மூக்கை விடுவித்துக்கொள்ளவே இல்லை.

அன்று எல்லோரும் கருகின ரொட்டியைச் சுரண்டிச் சாப்பிட்டோம். ரொட்டிக்கடைக்காரர் கரண்டோடு பேசவில்லை. ஆனால் கரண்டின் தட்டில் மட்டும் கருகாத துண்டாகப் பார்த்து வைத்தார்.

வண்டியிலிருந்து மொத்தம் முப்பத்தொரு புல்லட் தேறியது. நான் கடையிலிருந்து எலுமிச்சை உப்பு கொண்டுபோய்த் தண்ணீரில் கரைத்து எல்லாவற்றையும் ஊறவைத்துத் துலக்கினேன். கரண்டின் மனைவி தகட்டில் போட்டு, நாலாவது ஓட்டையில் இறுகி நின்ற இருபத்திரண்டைப் பொறுக்கினாள். கரண்ட் ஒவ்வொன்றையும் சூடாக்கிப் பழைய ஒயரை உருவி எடுத்துவிட்டுப் புதிய ஒயரைச் செருகி ஈயம் வைத்தார், இந்த முறை உள்ளே மட்டும். "வெளிய ஒரு பொட்டு பட்டாலும் சொல்லுங்க மேடம்" என்று என் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். ஒரு பொட்டும் படவில்லை. ஒரு வேலையும் இல்லாமல் எனக்கு முதுகுவலிதான் மிச்சம்.

வேலை முடிந்தால் மட்டும் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, நிறுத்தின உடனே ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்ப்பது. லூஸாக இருப்பது சுடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உச்சி வெயிலில் விளக்கைப் போட்டுக்கொண்டு போகிற எங்களைப் பார்த்து எதிரே வந்தவர்களெல்லாம் சைகை காட்டினார்கள். நான் ஓட்டினேன். ஏழு தெரு தாண்டினேன், ஆற்றுப்பாலம் தாண்டினேன், மேட்டில் ஏறி இறங்கினேன். பக்கத்தில் கரண்ட் சாமான்பையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கை விடைத்து வாசனை பிடித்துக்கொண்டே வந்தார். ஒன்றும் வாசனை வரவில்லை. திரும்பி வந்து ரொட்டிக்கடை வாசலில் நிறுத்தினேன், அவர்தான் அங்கே நிறுத்தச் சொன்னார்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். கரண்ட் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விடப்போனவர், நிறுத்திக்கொண்டார்.

"என் விரல் ஆகாது மேடம். முப்பது வருஷமா ஈயம் உருக்குற சூட்டுக்கோல் பிடிச்சுச் செத்துப்போன தோலு. கொஞ்ச சூடு எனக்குத் தெரியவே தெரியாது. அதான் அன்னைக்கும் தெரியாம போச்சு. வேற யாராவது தொட்டுப் பாக்கணும்."

நான் ஸ்டீயரிங்கை விட்டு எழுந்திருக்க முயன்றேன். அதற்குள் ரொட்டிக்கடைக்காரரின் மகள் குழந்தையை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

"நகருங்க மாமா."

"நீ வேணாம்மா" என்றார் கரண்ட் பதறிப்போய். அவள் அப்பா ஓர் அடி முன்னால் வந்தார், அங்கேயே நின்றுவிட்டார்.

அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டுக்கு அடியில் கையை நீட்டினாள். தோல் இழுத்துச் சுருங்கின அந்தக் கையைத்தான். எங்கே தொட வேண்டும் என்று தெரியாமல் கரண்டைப் பார்த்தாள்.

"இடது ஓரம்" என்றார் அவர். "நீல ஒயரு. அதுதான் முன்விளக்கு. அதுதான் முதல்ல சுடும்."

அவள் பிடித்துப் பார்த்தாள். பிடித்தபடியே வைத்திருந்தாள்.

"சுடல மாமா" என்றாள். "அடுத்தது எது?"